முகம் திருப்பிய குருவி

அன்புள்ள துரைக்கு, அம்மா எழுதுவது. நான் சௌக்கியம், இந்த முறை அது மரியாதைக்காக எழுதிய வார்த்தை அல்ல, நிஜமாகவே சௌக்கியம். நீயும் மருமகளும் அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். கையெழுத்தைப் பார்த்துத் திடுக்கிடாதே. போன கடிதம் நான் சொல்லச் சொல்லக் கீழ்வீட்டுத் தையல்காரி எழுதியது, அதிலிருந்த பிழைகளுக்கு அவளே பொறுப்பு. இது நானே எழுதுவது, இடது கையால்.

வலது கை மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். ஆபரேஷன் வேண்டியதில்லை. எலும்பு டாக்டர் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்து, "எலும்பு கூடிடுச்சும்மா, நரம்புதான் இன்னும் யோசிக்குது" என்றார். டம்ளரைப் பிடிக்கலாம், குரோஷா பின்னல் ஊசியை மட்டும் இனி வலது கையில் எதிர்பார்க்க வேண்டாமாம். அதைக் கேட்டு நீ போனில், "விடும்மா, போர்வைதானே, கடையில வாங்கிக்கலாம்" என்றாய். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாய். ஆனால் போனை வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த ஊசிதான், அது உனக்குத் தெரியும். பிள்ளைக்கென்று குருவிச் சதுரங்கள் ஆறு பின்னி முடித்து, பாதிப் போர்வை மடியில் கிடக்க, சும்மா இருப்பது எப்படி?

நான் பிறவியில் இடது கைக்காரி. கான்வென்ட் சிஸ்டர்கள்தான் அடிஸ்கேலால் தட்டித் தட்டி வலதுக்கு மாற்றினார்கள். போகட்டும், அவர்கள் இப்போது இங்கே இல்லை என்று ஊசியை இடது கையில் கொடுத்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் நூலைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்த கை அல்லவா, வேலை அதற்கும் அத்துப்படி. தடுமாறித் தடுமாறி ஏழாவது குருவியைப் போட்டேன். மற்ற ஆறும் வலப்பக்கம் பார்க்க, இது இடப்பக்கம் பார்த்தது. தையல்காரி எட்டிப் பார்த்து, "என்னம்மா, இது மட்டும் கோவிச்சுக்கிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கைதான் போயிற்று என்றிருந்தேன், புத்தியும் போயிற்றோ என்று ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். மறுநாள் காலையில்தான் விஷயம் பிடிபட்டது. இடது கை வேலையைத் தொடங்குவது எதிர் ஓரத்திலிருந்து. நான் பழைய பழக்கத்தில் பின்னல் புத்தகத்தின் கட்டப் படத்தை வலது ஓரத்திலிருந்தே படித்திருக்கிறேன். உன் அப்பாவின் சவரக் கண்ணாடியை எடுத்து வந்து நிறுத்தி, புத்தகத்தை அதன் முன் பிடித்து, கண்ணாடியில் தெரிந்த படத்தைப் பார்த்துப் போட்டேன். குருவி வழிக்கு வந்துவிட்டது! பக்கத்தில் இருந்த எழுத்தெல்லாம் கண்ணாடியில் புரண்டுபோயின. எனக்குத் தெரிந்த பாஷையாக இருந்தால் தலை சுற்றியிருக்கும். தெரியாத பாஷை நேராக நின்றால் என்ன, குப்புறப் படுத்தால் என்ன? வாசிக்கத் தெரியாத புத்தகத்தை எதற்குச் சேர்க்கிறீர்கள் என்று இதே தையல்காரி எத்தனை தரம் கேட்டிருக்கிறாள். கொக்கி எழுத்து, புள்ளி எழுத்து, பெட்டி எழுத்து என்று எழுத்தின் வடிவம் பார்த்து நான் பிரித்து அடுக்கி வைத்திருப்பதை இப்போது அவளே தூசி தட்டுகிறாள்.

போர்வை முடிந்தது, நேற்று பார்சலில் போட்டாயிற்று. குளிர்ந்த தண்ணீரில் அலசச் சொல், முறுக்கிப் பிழிய வேண்டாம், நிழலில் விரித்துக் காயப்போட வேண்டும். மருமகள் மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளட்டும். நானும் இனி ஸ்டூலில் ஏறி விழமாட்டேன், புத்தகப் பெட்டிகளைக் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட்டேன். பின்னல் புத்தகம் கண்ணில் பட்டால் வாங்கு, எந்தப் பாஷையானாலும் சரி. ஆனால் அட்டையில் படகு இருந்தால் தொடாதே, போன வருஷம் நீ அனுப்பியது மீன்வலை முடிச்சுப் புத்தகம்.

ஒரு கண்ணி தப்பினாலும் முழு வரிசையையும் பிரிப்பவள் நான் என்று உனக்குத் தெரியும். அந்த ஏழாவது குருவியை மட்டும் பிரிக்கவில்லை. கீழ் மூலையில் வைத்துச் சேர்த்திருக்கிறேன். மருமகள் கேட்டால் தவறுதான் என்று சொல். பிள்ளை கேட்கும் வயது வந்தால், அது என் இடது கை போட்ட முதல் குருவி என்று சொல்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும். பார்சல் வந்ததும் போன் செய்.

ஆசிகளுடன்,
உன் அம்மா