கண்ணாடியில் வைத்த பொட்டு

கல்லங்குறிச்சி,
9.11.2025

அன்பு மகள் தென்றலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, சினையாக இருக்கும் செவலைப் பசு, ஆள் உயரம் தாண்டிவிட்ட மக்காச்சோளம் எல்லாரும் சுகம். அங்கே நெதர்லாந்துக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்கக் கலியுக வரதராசப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். நேற்றுத்தானே போனில் பேசினோம், இன்றைக்கு என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அவரை வைத்துக்கொண்டு சொல்ல முடியாத சங்கதி இது. உன் சித்தி மகள் ஜெயசித்ரா வியாழக்கிழமை அங்கே திரும்புகிறாளே, அவள் பையில் எள்ளுருண்டையோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். எள்ளுருண்டையை அப்புறம் தின்னலாம், முதலில் இதைப் படி.

நேற்று நீ அழுததைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டு நாள் பூஜ்யம், ஒன்பதாம் நாள் திடீர்னு நாப்பத்து மூணு, இப்படிக் கணக்குச் சொல்ற பூச்சிப் பெட்டியை எந்த விவசாயிம்மா நம்புவான், மாசக் கடைசியில இங்க குடுக்கற ஆராய்ச்சி அறிக்கையில பெட்டி தோத்துப் போச்சுன்னு எழுதிக் குடுத்துடப் போறேன் என்றாய். யாராச்சும் அதைத் தொட்டீங்களாப்பா என்று கேட்டாய். உன் அப்பா மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு, யாரும் தொடலம்மா என்றார். தொட்டார் கண்ணு. நன்றாகவே தொட்டார்.

போன வருஷம் படைப்புழுவுக்கு ஐந்து முறை விஷ மருந்து அடித்து, கடைசி முறை அவர் வரப்பிலேயே தலை சுற்றி உட்கார்ந்ததை நீ பார்த்துவிட்டுப் போனாயே, அதனால்தானே இந்தப் பெட்டியைச் செய்தாய். ஆவணியில் நீ வந்து நட்டுவைத்த நாளிலிருந்து அவருக்கு அது இரண்டாவது பிள்ளை. உள்ளே வைத்த பெண் பூச்சி வாசத்துக்கு மயங்கி வரும் படைப்புழுவின் அந்துப்பூச்சி பசைத்தாளில் ஒட்டிக்கொள்ளும், எதிரே இருக்கும் கேமராக் கண்ணாடி அதைப் பார்த்து எண்ணிப் போனுக்கு அனுப்பும் என்று, நீ சொன்னதை அப்படியே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆயுத பூஜை வந்ததா, டிராக்டர், மோட்டார், மண்வெட்டி, அரிவாள் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்தார். எல்லாத்துக்கும் வச்சுட்டு நம்ம புள்ள செஞ்சதுக்கு வைக்காம வுடுறதா என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மக்காச்சோளக் கொல்லைக்குப் போனார். போனவர் பெட்டியின் ஓரத்தில் வைக்கக்கூடாதா? நெற்றி மாதிரி நடுவில் பளபளவென்று இருந்ததாம், அந்தக் கண்ணாடியிலேயே சந்தனத்தை அப்பி, அதன் மேல் குங்குமமும் வைத்துவிட்டார்!

அப்புறம் தினமும் பூஜ்யம். படம் அனுப்ப அங்கே சிக்னல் பத்தாது, எண்ணிக்கை மட்டும்தான் வரும் என்று நீதான் சொன்னாய், அதனால் உனக்கும் தெரியவில்லை. இவருக்கோ தலைகால் புரியவில்லை, பூஜை போட்டதும் பூச்சியே ஓடிப்போச்சு பாத்தியா என்று பக்கத்துக் கொல்லைக் குழந்தைவேலிடம் ஒரே பெருமை. ஒன்பதாம் நாள் புல் அறுக்கப் போன நான்தான் குருத்தை விரித்துப் பார்த்தேன். மூன்று செடிக்கு ஒரு செடி சல்லடையாக ஓட்டை, உள்ளே மரத்தூள் மாதிரி புழுவின் எச்சம். நேராகப் பெட்டியிடம் போனால் அது கல்யாணப் பெண் மாதிரி பொட்டோடு நிற்கிறது. முந்தானையை நனைத்துத் துடைத்தேன், சாயங்காலம் நாற்பத்து மூன்று என்று வந்தது. அது ஒருநாள் பூச்சி இல்லை கண்ணு, எட்டு நாளாகத் தாளில் ஒட்டிக் கிடந்தது. கண்ணைத் திறந்ததும் உன் பெட்டி ஒன்று விடாமல் எண்ணிச் சொல்லியிருக்கிறது.

குழந்தைவேல் உடனே விஷ மருந்து டப்பாவை நீட்டினார். நான் தொடவிடவில்லை. பெரம்பலூருக்கு பஸ் ஏறி, நீ எழுதிவைத்துப் போன, புழுவுக்கு மட்டும் நோய் கொடுக்கும் பூஞ்சைப் பொடியை வாங்கிவந்து, இரண்டு தடவை குருத்துக்குள் விழும்படி அடித்தோம். அடுத்த வாரம் விரித்துப் பார்த்தால் புழுக்கள் வெளுத்து விறைத்துக் கிடக்கின்றன, எனக்கு வந்த சிரிப்பைப் பார்த்து உன் அப்பா பயந்துவிட்டார். இப்போது கதிரெல்லாம் பட்டு நூல் விட்டு நிற்கிறது. இந்த வருஷம் விஷ மருந்து ஒரு சொட்டுக்கூட நம் கொல்லையில் விழவில்லை. அதே குழந்தைவேல், தென்றல்கிட்ட சொல்லி எனக்கும் ஒரு பெட்டி வாங்கித் தாங்க என்கிறார்.

இவ்வளவும் எழுதும்போது உன் அப்பா பின்னால் வந்து நின்று படித்துவிட்டார். புள்ள சிரிக்குமேன்னுதாண்டி சொல்லல என்று முதலில் முறுக்கிக்கொண்டார். நீங்க வாய மூடிக்கிட்டிருந்தா அவ பெட்டி மேல பழி வுழும் என்றேன். கண் கலங்கிவிட்டது. அப்புறம், எழுது, பழனிவேல்தான் பொட்டு வச்சான்னு பேரு போட்டே எழுது, அந்த வெள்ளக்காரங்களும் தெரிஞ்சுக்கட்டும் என்றார்.

பேர் போட்டே எழுதிவிட்டேன். தைரியமாக உன் அறிக்கையை எழுது, பெருமாள் உனக்குத் துணை. அறுத்ததும் முதல் மரக்கால் சோளம் உன் பேரில் பெருமாளுக்குத்தான். எண்ணெய் தேய்த்துக் குளி. ஒன்றை மட்டும் மறக்காதே, இது உன் அப்பா சொல்லச் சொன்னது: அடுத்த பெட்டியில் கண்ணாடிக்கு மேலே நாலு விரல் அகலம் சும்மா விட்டுவை. அடுத்த ஆயுத பூஜைக்கும் அவர் பொட்டு வைக்கத்தான் போகிறார்.

ஆசிகளோடு,
உன் அம்மா
ஜெகதாம்பாள்