பயறு வேண்டாம் என்றவளும் இரண்டு கிண்ணம் தின்றவனும்

ஒரிஸ்தானோ,
தவக்காலத்தின் முதல் வெள்ளி.

அன்பு மகள் பொனாரியாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ராய்முந்தோவும் குழந்தைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும், தூரினில் இன்னும் பனி விட்டிருக்காது, கம்பளியைக் கழற்றிவிடாதே. இங்கே நானும் என் கூடப்பிறந்த உன் மாமாவும் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறோம். உன் கொழுந்தன் பாயின்சு மட்டும் ஆஸ்பத்திரியில் கிடந்து, ரத்தம் ஏற்றி, நேற்றுத்தான் எழுந்து உட்கார்ந்தான். உயிருக்கு இனிப் பயமில்லை. காலியாரியில் நான் திறக்கப்போகும் புதுக் கடையை அவனுக்குக் கொடுக்கவில்லை, வித்தாலியா என்ற பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். கொழுந்தனுக்காக நீ கடிதம் மேல் கடிதம் போட்டாய், சம்பந்தியம்மாவும் சொல்லியனுப்பினாள், இதனால் உன் வீட்டில் புகைச்சல் கிளம்பும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். போனில் சொல்லலாமென்றால் தபாலாபீஸ் கூண்டுக்கு வெளியே நிற்பவர்களின் காது கூண்டுக்குள்தான் இருக்கிறது.

ஆளை எடைபோட நான் சாப்பாட்டு மேசையைத்தான் நம்புவேன் என்று உனக்குத் தெரியும். சந்தையில் ஒரு கூடைப் பயறோடு உட்கார்ந்த காலத்திலிருந்து எனக்கு வாய்த்த படிப்பு அது ஒன்றுதான். ருசி பார்க்குமுன் உப்புக்குக் கை நீட்டுகிறவன் சரக்கைப் பார்க்குமுன் விலை பேசுவான். சீஸின் தோலைக் கனமாகச் சீவி எறிகிறவன் அடுத்தவர் பணத்தையும் அப்படித்தான் சீவுவான். மெல்ல முடியாத ஜவ்வை ரொட்டிக்கடியில் ஒளிக்கிறவனிடம் கல்லாச் சாவியைக் கொடுக்கக் கூடாது. உன் அப்பா முதல் தடவை எங்கள் வீட்டில் சாப்பிட்டபோது மீன் முள்ளை எல்லார் கண்ணெதிரிலும் வாயிலிருந்து எடுத்துத் தட்டோரத்தில் வரிசையாக வைத்தார். என் அக்காமார் முகத்தைச் சுளித்தார்கள், நான் அன்றே கட்டிக்கொள்ளச் சம்மதம் என்றேன். அந்த மனிதர் சாகும்வரை என்னிடம் ஒரு முள்ளையும் மறைத்ததில்லை.

அந்த வழக்கப்படிதான் தவக்காலத்துக்கு முந்தின திருவிழா வியாழனன்று பன்றிக்கொழுப்பும் காட்டுச் சோம்பும் போட்டு ஒரு பானை ஃபாவாப் பயறு வேகவைத்து இருவரையும் அழைத்தேன். பாயின்சு குதிரை ஓட்டம் பார்க்க வந்து நம் மாடியறையில்தான் தங்கியிருந்தான். வித்தாலியா பால் கூட்டுறவில் சீஸ் விற்பனையைக் கவனித்தவள், கல்யாணம் காட்சி வேண்டாம் என்று தனியாக இருப்பவள், வயது முப்பத்தைந்து இருக்கும். பயறு வியாபாரியின் வீட்டில் பயறைத் தள்ளுவது அவன் சரக்கைத் தள்ளுவது மாதிரி என்பது நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாயின்சு கிண்ணத்தை வழித்துவிட்டு, "இப்படி வெண்ணெய் மாதிரி வேகுற பயறை நான் பாத்ததே இல்லத்தே" என்று இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கினான். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அவளோ கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். "எனக்கு வேணாங்க்கா. பயறு தின்னா என் வயிறு மத்தளமாயிடும். ராத்திரி வரைக்கும் உங்க பக்கத்துல உக்காந்து பேசணும்ல, அப்புறம் கதவு ஜன்னல் எல்லாத்தையும் தொறந்து வைக்கணும். ரொட்டியும் சீஸும் குடுங்க, போதும்" என்றாள். உன் மாமா போபோரேக்குத்தான் நாக்கு சும்மா இருக்காதே, "பயறுக் கடைக்கு வந்தவ பயறு திங்கமாட்டாளாம், நல்லாருக்கு கூத்து!" என்றார். "சவப்பெட்டி செய்யறவரு அதுலயா படுத்துத் தூங்குறாரு, பெரியவரே?" என்றாள் அவள். "ஏ அம்மா, இவளுக்கு வாயடக்கமே கிடையாதா?" என்று இவர் கேட்க, "மேல அடக்கினா கீழ போயிடும், பரவால்லயா?" என்றாளே பார்க்கலாம், உன் மாமா குடித்த ஒயின் மூக்கு வழியாக வந்தது. நான் சிரிக்கவில்லை. என் பயறை என் வீட்டிலேயே ஒருத்தி வேண்டாமென்றது முள்ளாகக் குத்தியது. அவர்கள் எழுந்ததும் மாமாவிடம், கடை பாயின்சுவுக்குத்தான், திருவிழா முடிந்ததும் கை கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் பந்தியில் அவன் அந்தக் குளிரில் நெற்றி வேர்க்க வேர்க்க, மெல்லாமல், ஒவ்வொரு கரண்டியையும் கஷாயம் விழுங்குவது போல விழுங்கியிருந்தான். அதைப் பார்த்தும் சூப்பின் சூடு என்று நினைத்துக்கொண்டேன் நான்.

சனிக்கிழமை காலையில் அவன் மாடியிலிருந்து இறங்கவில்லை. போய்ப் பார்த்தால் முகம் சீமைமாதுளைப் பழம் போல மஞ்சள், கண்ணும் மஞ்சள், மூச்சு வாங்குகிறது, சிறுநீர் கருஞ்சிவப்பு ஒயினாகப் போயிருக்கிறது. மாமாவின் வேனில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினோம். ஃபாவாப் பயறு சிலருக்கு ரத்தத்தையே உடைத்துவிடும் என்பதால் நம் தீவு டாக்டர்கள் முதலில் கேட்கும் கேள்வியைத்தான் அந்த டாக்டரும் கேட்டார், "பயறு தின்னியாப்பா?" என்று. பாயின்சு அவரைப் பார்க்கவில்லை, கால்மாட்டில் நின்ற என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே, "இல்ல டாக்டர், மீன்தான்" என்றான். "அடப்பாவி, ரெண்டு கிண்ணம்! என் கையாலதானேடா ஊத்துனேன்!" என்று கத்திவிட்டேன். அதற்குப் பிறகுதான் டாக்டர் பரிசோதனைக்கும் ரத்தத்துக்கும் ஆளை விரட்டினார். கொஞ்சம் தாமதித்திருந்தால் உன் கொழுந்தனுக்கு இந்நேரம் செத்தவர் பூசை வைத்திருப்போம். பிறகு தெளிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "சின்னப் பிள்ளையில ஒரு தடவ இப்படிச் சாகக் கெடந்தேன் அத்தே. வளந்தா போயிடும்னு நெனச்சேன். பயறு நோய்க்காரன்னு தெரிஞ்சா பயறுக் கடைய எங்கிட்ட குடுப்பீங்களா? அம்மாவும் வாயத் தொறக்காதேன்னுதான் சொன்னாங்க."

அவன் துணிச்சலை நான் மெச்சாமல் இல்லை. பிழைப்புக்காக விஷத்தைக் கிண்ணத்தில் வாங்கி, இன்னும் ஊற்று என்று கேட்க ஒரு நெஞ்சுரம் வேண்டும், அந்த வயதில் எனக்கும் அது இருந்தது. ஆனால் யோசித்துப் பார். என்னைக் குளிரவைக்கத் தன் ரத்தத்தைப் பற்றியே பொய் சொல்கிறவன், மூட்டையில் வண்டு விழுந்தால் என்னிடம் சொல்வானா? நல்ல மூட்டை அத்தே என்றுதான் சொல்வான். தன் வயிற்றுக் காற்றையே ஊரறியச் சொன்னவள் என் கடையில் எதை மறைக்கப்போகிறாள்? அவனோடு பந்தியில் ஒரு வேளைதான் உட்கார்ந்திருக்கிறாள், ஆனாலும் சேதி கேட்டதும் ரொட்டி கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து, எனக்குப் பாதியைப் பிய்த்துக் கொடுத்துவிட்டு, வராந்தாவிலேயே உட்கார்ந்து தின்றாள். அங்கேதான் கேட்டேன், அன்றைக்கு என் முகம் சுருங்கியது உனக்குத் தெரியவில்லையா என்று. "தெரியாம என்னக்கா, மூஞ்சி தொங்கிப்போச்சே. கடை போச்சுன்னு அப்பவே தெரியும். அதுக்காக வயித்துக்கிட்ட கெஞ்ச முடியுமா? இன்னைக்கு உங்களுக்காகத் தின்னுட்டா நாளைக்கும் தின்னணும்" என்றாள். இத்தனை வருஷமாக எத்தனையோ பேருக்குப் பந்தி வைத்திருக்கிறேன், வேண்டாம் என்ற சொல்லை இவ்வளவு சுத்தமாகச் சொன்னவர்கள் யாருமில்லை.

இப்போது முக்கியமான விஷயம். மாப்பிள்ளையும் அதே தாய் வயிற்றில் பிறந்தவர். இந்த நோய் தாய் வழியாக ஆண் பிள்ளைக்கு வரும் என்று டாக்டர் சொன்னார், அவருக்கும் இருந்தால் உன் பெண்கள் அதைச் சுமந்துகொண்டு தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்களாம். பயறு வாசனையே அவருக்கு ஆகாது என்று நீ எழுதியிருந்தாய், நானும் பணக்கார மூக்கு என்று கேலி செய்திருந்தேன். சண்டை போடாமல், பக்கத்தில் உட்கார்ந்து கேள். அவருக்கும் பெண்களுக்கும் ரத்தம் பார்த்துவிடு, எந்த டாக்டர் மாத்திரை எழுதினாலும் முதலில் இதைச் சொல்லிவிடு, சில மாத்திரையும் பயறு மாதிரியே அடித்துப்போடுமாம். சம்பந்தியம்மாவிடம் கோபப்படாதே. பிள்ளைக்குப் பிழைப்பு கெட்டுவிடுமோ என்று பயந்தாள், பெற்றவள் பயம் அப்படித்தான்.

கர்த்தரும் மாதாவும் உங்களைக் கண்ணிமை போலக் காக்கட்டும், பேத்திகளுக்கு என் முத்தம். ரத்தம் பார்த்த சேதியை உடனே எழுது, அதற்கு மட்டும் சோம்பல் படாதே. வீட்டில் கேட்டால் சொல்வதற்காக, முடிவானதையும் எழுதிவிடுகிறேன். பாயின்சுவுக்கு மலையிலிருந்து சீஸ் ஏற்றிவரும் வேலை, மாதச் சம்பளம், அவன் வேனில் ஒரு மூட்டைப் பயறும் ஏறக் கூடாது. படுக்கையிலேயே சரி என்று கை கொடுத்துவிட்டான். வித்தாலியாவுக்குக் காலியாரிக் கடை மூன்று வருஷத்துக்கு, வாடகை என் பொறுப்பு, லாபத்தில் எனக்கு இரண்டு பங்கு அவளுக்கு ஒரு பங்கு, கெட்டுப்போன சரக்கு ஆளுக்குப் பாதி, வருகிற ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு கைப்பிடி எடுத்து வேகவைத்தாக வேண்டும், அதைத் தின்று பார்க்க ஆள் வைக்கும் கூலியும் என்னுடையதுதான்.

உன் அம்மா,
ரெப்பராத்தா