ஐந்தெழுத்தும் அவித்த மல்லாட்டையும்

வியாழன், இரவு.

மலரிடம் இன்று அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் ரயிலில் தினமும் நாங்கள் இருவரும் போனில் அந்த விளையாட்டை ஆடுவோம். ஐந்தெழுத்து ஆங்கில வார்த்தை ஒன்றை ஆறு முறைக்குள் கண்டுபிடிக்க வேண்டும். நான் ஆங்கில டீச்சர். மலர் எங்கள் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர். தோற்றவர் அவித்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, வாங்கித் தரவேண்டும். ஒரு வருஷமாக அவள்தான் வாங்குகிறாள்.

இன்று விக்கிரவாண்டி தாண்டுவதற்குள், இரண்டாவது முறையிலேயே, “வந்துடுச்சு டீச்சர்!” என்று கத்தினாள். பெட்டியே திரும்பிப் பார்த்தது. எனக்கு எங்கிருந்து அந்த எரிச்சல் வந்ததோ, “நெட்ல பார்த்துட்டுப் போட்டியா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். எதிர் சீட்டில் யாரோ சிரித்தார்கள்.

மலர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். பக்கம் பக்கமாக ஐந்தெழுத்து வார்த்தைகள், அவள் கையெழுத்தில்.

“சோறு வெந்துக்கினு இருக்கச்சொல்ல எழுதினது டீச்சர். உங்களுக்கு வர்ற மாதிரி எனக்கும் தானா வரணும்னுதான்.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திண்டிவனத்தில் இறங்கி மல்லாட்டை வாங்கி நீட்டினேன். “வேணாங்க டீச்சர்” என்று முன்னால் நடந்துவிட்டாள்.

எனக்கு எதுவும் தானாக வந்ததில்லை. தெரிந்த எழுத்துகளைப் போட்டால் வார்த்தைகளை வரிசையாகக் காட்டும் இணையப் பக்கம் என் போனில் இப்போதும் திறந்தே இருக்கிறது. தினமும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அதைத்தான் பார்ப்பேன்.

பார்த்துவிட்டு, அவள் வாங்கித் தந்த மல்லாட்டையை உரித்துத் தின்றிருக்கிறேன். ஒரு வருஷம்.