நம் மெஸ்ஸுக்கு மாமா போட்ட ரிங்

அன்பு மகள் மலர்விழிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உயிரோடு சுகமாக இருக்கிறோம், துபாயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் அழுகை வந்துவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் மாமா மாதவராஜ் நம் மெஸ்ஸுக்கு கேஸ் லைன் போட்டுக் கொடுத்தானே, கடை திறப்புக்கு இதுதான் பொறந்த வூட்டுச் சீர் என்று எல்லார் முன்னாலும் சொன்னான், நானும் மொரப்பூர் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டேன். போன செவ்வாய் விடிந்ததும் போய்க் கதவைத் தள்ளினால் குப்பென்று கேஸ் வாடை. உன் அப்பா உள்ளே பாய் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். லைட் சுவிட்சைத் தொடாமல் அவரை எழுப்பி வெளியே இழுத்து வந்து, பின்பக்கம் இருந்த சிலிண்டரை மூடினேன். மெக்கானிக் சென்றாயன் வந்து சோப்புத் தண்ணீர் தடவினார், அடுப்புப் பக்கத்து ஜாயிண்டில் குமிழி கிளம்பியது. கழற்றிக் காட்டினார். இந்த மாதிரி ஜாயிண்டில் காப்பர் பைப்பைப் பற்றவைப்பதில்லையாம். பைப்பில் முதலில் நட்டையும் பிறகு ஒரு பித்தளை ரிங்கையும் மாட்டி, பைப்பை ஜாயிண்டுக்குள் அடிவரை செருகி நட்டை முறுக்கினால், ரிங் நசுங்கிப் பைப்பைக் கவ்விக்கொள்ளும், அந்தப் பிடிதான் கேஸை நிறுத்துகிறது. ஒரு தடவை நசுங்கிய ரிங் வேறு பைப்பில் ஒழுங்காகக் கவ்வாது. நமக்குப் போட்டிருந்தது எங்கேயோ பழைய பைப்பிலிருந்து நெம்பி எடுத்த ரிங், மேலே வெள்ளை டேப் சுற்றி மறைத்திருந்தான்.

தெரியாமல் செய்திருப்பான் என்றுதான் கடைசிவரை நம்பினேன் மலர். கூப்பிட்டுக் கேட்டதற்கு, கடத்தூர் ஓட்டல் வேலைக்குப் புது ரிங் பத்தவில்லை, நமக்கு வாங்கியதை அங்கே போட்டுவிட்டேன் என்கிறான். "நம்ம வூடுதானேக்கா, அனுசரிச்சுக்குவீங்கன்னு நெனச்சேன்" என்றான். தலையைக்கூடக் குனியவில்லை. அவனுக்கு நான் அக்காவாக இல்லாமல் ஓட்டல்காரியாக இருந்திருந்தால் புது ரிங் கிடைத்திருக்கும். இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. செத்துப் பிழைத்த உன் அப்பாவோ விட்டுத் தொலை என்கிறார், தை மாதம் உன் கல்யாணத்தில் தாய்மாமன் மாலை போடாமல் எப்படி என்கிறார். சரி, பத்திரிகையில் பெயர் போடுகிறேன், வந்து மாலை போடட்டும். ஆனால் பொறந்த வூட்டுச் சீர் என்று ஒரு குண்டுமணிகூட அவன் கையால் இனி வாங்கமாட்டேன். நீ அவனுக்குப் பரிந்துகொண்டு என்னிடம் பேசாதே.

நீயும் வரப்போகிற மாப்பிள்ளையும் குறையில்லாமல் வாழ வேண்டும். அங்கே கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாதே, முதலில் ஜன்னலைத் திற. யார் போட்ட லைனாக இருந்தாலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார், சொந்தக்காரன் போட்டது என்றால் இரண்டு தடவை பார்.

இப்படிக்கு,
உன் அம்மா ராணியம்மாள்