இழுத்துவிடாத திரை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம் என்று எழுதினால் அது பாதி உண்மைதான், உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மருமகளும் அவள் வயிற்றில் இருக்கிற குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டு மனம் கிடையாது. உன் வீட்டுக்கு வந்துவிட்டு ஊர் திரும்பியதிலிருந்து நீ போன் செய்தபோதெல்லாம் அப்பாதான் எடுத்தார், அம்மா தூங்குகிறாள், அம்மா குளிக்கிறாள் என்று அவர் சொன்னதெல்லாம் நான் சொல்லிக்கொடுத்த பொய். "இன்னும் எத்தனை தடவை உன்னைக் குளிக்க அனுப்பறது, தொட்டித் தண்ணியே தீந்துடும்போல இருக்கு" என்று நேற்று அலுத்துக்கொண்டார். போனில் பேசினால் நீ அம்மா அம்மா என்று நடுவில் புகுந்துவிடுவாய், நானும் உன் குரலைக் கேட்டதும் இளகிவிடுவேன். கடிதத்தில் நீ புக முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். கடைசிவரை படி.

இங்கே சமையலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது, அப்பா துணியைச் சுற்றிவிட்டு ரிப்பேர் ஆகிவிட்டது என்கிறார். தையல் கடையைத் திறந்துவிட்டேன். நான் இல்லாத நாட்களில் தைக்க வேண்டிய துணி மூட்டையாகக் கிடக்கிறது, உட்கார்ந்தால் கை தானாக ஓடுகிறது, ஆனால் மனசு மட்டும் உன் விமான நிலையத்தில் அந்தச் சோதனை வரிசையிலேயே நின்றுகொண்டிருக்கிறது. கிளம்புவதற்கு முந்தின நாள் நீ என்னிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "நாளைக்கு என் ஷிஃப்ட்தாம்மா, நான்தான் இன்சார்ஜ். சொந்தக்காரங்க வர்ற வரிசையில நாங்க நிக்கக் கூடாது, ஆள் இல்லாததால நிக்கறேன், என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத" என்றாய். சரி என்றேன். அப்போதே நான் சட்டைக்குள் வைத்திருப்பதைப் பற்றிக் கேட்டேன். மெஷினில் தெரியும், ஆனால் பயப்படாதே, தனி அறை வேண்டும் என்று கேள், யார் கேட்டாலும் கொடுத்தாக வேண்டும், அது சட்டம் என்று நீதான் தைரியம் சொன்னாய். போன வருஷம் எனக்கு இடது மார்பை எடுத்த விஷயம் அப்பாவுக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் பயந்துவிடக் கூடாதே என்று மருமகளிடம்கூடச் சொல்ல விடவில்லை. என்னோடு திரும்பி வந்த சம்பந்தியம்மாவிடம் சொல்வேனா, அந்த அம்மாளிடம் ஒன்று சொன்னால் தண்டோரா போட்ட மாதிரிதான் என்று நாம் இரண்டு பேரும் சிரித்தோமே.

நான் வாக்குக் கொடுத்தபடியே நடந்தேன். உன்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி வந்தேன், உன் சட்டைக் காலர் மடங்கிக் கிடந்தது, அதைக்கூடச் சரிசெய்யக் கை நீளவில்லை. மெஷின் கத்தியது. சோதனைக்கு நின்ற பெண் என் மார்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா உள்ள, கெட்டியா இருக்கு" என்று வரிசைக்கே கேட்கிற மாதிரி கேட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அது நானே பஞ்சு வைத்து, எடை சரியாக இருக்கட்டும் என்று நடுவில் சின்ன இரும்பு மணிகளைப் போட்டுத் தைத்தது, பார்க்கிறவளுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். நான் மெதுவாக அவள் காதில் சொல்லி, தனி அறை வேண்டும் என்றேன். அவள் உன்னைத் திரும்பிப் பார்த்தாள். நீ கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல், "ரூம் காலி இல்ல, இங்கயே எடுத்து வைக்கச் சொல்லு, லைன் நிக்குது" என்றாய். உன் குரல்தானா என்று நிமிர்ந்து பார்த்தேன். அப்புறம் திரும்பி நின்று, சட்டைக்குள் கையை விட்டு அதை எடுத்து, பிளாஸ்டிக் தட்டில் வைத்தேன். யாரோ ஒருவருடைய பெல்ட்டும் செருப்பும் கிடந்த அந்தத் தட்டு உருண்டு போயிற்று, அந்தப் பக்கம் ஷூவுக்காகக் காத்திருந்த ஆள் அதை உற்றுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். அப்போது என் மேல் ஒரு சால்வை விழுந்தது. சம்பந்தியம்மா தன் சால்வையை எடுத்துப் போர்த்திவிட்டு எனக்கு முன்னால் மறைத்து நின்றார். அந்த அம்மாள் இன்றுவரை யாரிடமும் வாயைத் திறக்கவில்லை, விமானத்திலும் ஒரு கேள்வி கேட்கவில்லை, என் கையை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தார். யாருக்குத் தெரியக் கூடாது என்று மறைத்தேனோ அவர் மறைத்தார், தெரிந்த நீ கம்ப்யூட்டரைப் பார்த்தாய்.

அதோடு போயிருந்தால்கூட நான் மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அறை நிஜமாகவே காலி இல்லை போலும், பாவம் பிள்ளை என்ன செய்வான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு செருப்பு மாட்டினேன். எங்களுக்குப் பின்னால் யாரோ பெரிய அதிகாரியின் தாயார், கூட இரண்டு பேர். அந்த அம்மாளுக்கு முட்டியில் இரும்பு, மெஷின் கத்தியது. அவர் கேட்கக்கூட இல்லை. நீ எழுந்து ஓடினாய், "வாங்கம்மா, இப்படி உக்காருங்க" என்று பக்கத்தில் இருந்த தனி அறையின் திரையை விலக்கினாய். உள்ளே ஒரு நாற்காலி, வேறு ஈ காக்கை இல்லை. அவரை உட்காரவைத்து உன் கையாலேயே திரையை இழுத்துவிட்டாய்.

மேலதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார், அம்மாவுக்குச் சலுகை காட்டினேன் என்று எழுதியிருப்பார், வேலை போயிருக்கும் என்று அப்பாவிடம் சொன்னாயாம். நான் என்ன சலுகையா கேட்டேன்? சோதிக்காமல் விடு என்றா சொன்னேன்? தலை முதல் கால் வரை சோதிக்கட்டும், பிரித்துப் பார்க்கட்டும், மறுபடி தைத்துக்கொள்ள எனக்குத் தெரியும். முன்பின் தெரியாதவளுக்குக் கொடுக்க வேண்டியதைத்தான் கேட்டேன். அம்மா என்பதால் எனக்கு அதுவும் இல்லாமல் போயிற்று. நம் கடையில் அளவெடுக்கிற மூலையில் தொங்குகிற திரைக்குச் சின்ன வயதில் வளையம் கோத்துக் கொடுத்தவன் நீ. வாயாடி வந்தாலும் வாயில்லாப் பூச்சி வந்தாலும் அதை இழுத்துவிடாமல் நான் டேப்பைக் கையில் எடுத்ததில்லை, நீ பார்த்துதானே வளர்ந்தாய். பெற்ற வயிறு எரிகிறது என்பார்கள், எனக்கு அதுகூட இல்லை, குளிர்ந்துபோய்க் கிடக்கிறது.

அம்மா பிரசவத்துக்கு வருவாளா என்று நீ அப்பாவைக் கேட்டாய், அவர் மழுப்பிவிட்டாராம். நான் வருவேன். மருமகள் என்ன பாவம் செய்தாள். சம்பந்தியம்மாவும் நானும் சேர்ந்தே வருகிறோம். குழந்தையைக் குளிப்பாட்டிக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது உன் வரிசையில்தான் வருவேன், சுற்றிக்கொண்டு போக மாட்டேன். அதே பஞ்சைத்தான் வைத்துக்கொண்டு வருவேன். அன்றைக்கும் நீ என்னைத் தெரிந்ததாகக் காட்ட வேண்டாம். ஆனால் எனக்கு முன்னால் நிற்கிறவள் கேட்டால் அவளுக்குத் திரையை இழுத்துவிடு. பின்னால் நிற்கிறவளுக்கும் இழுத்துவிடு. நடுவில் நான் வந்து நிற்பேன்.

மருமகளுக்குக் கால் வீங்கினால் தலையணை வைத்துத் தூக்கிவைக்கச் சொல், சத்து மாத்திரையை நீ கூட இருந்து கொடு, மறந்துவிடுகிறாள். நீயும் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. என்ன கோபம் இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். குழந்தை நல்லபடியாகப் பிறக்கட்டும். வேலைக்குக் கிளம்பும்போது கண்ணாடியில் காலரைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அன்றைக்கு உன் வரிசையில் நின்ற
உன் அம்மா