ஸ்டியரிங் கவர் இரண்டு

இன்று மத்தியானம், கம்பளை வீதியில் மதிலோடு மோதிய வேன் ஒன்றைக் கடைக்கு இழுத்து வந்தார்கள். ஓட்டியவருக்கு மூக்கில் ஒரு சிராய்ப்பு மட்டும்தான். கதவைத் திறந்தேன். ஸ்டியரிங்கின் நடுப்பகுதி பிளந்து, வெள்ளைப் பை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஆசனமெல்லாம் மாவு போல ஒரு தூள். தீபாவளிக்கு மறுநாள் தெருவில் கிடக்கும் வெடிக் கடதாசியின் மணம். இப்போது கடையைப் பார்ப்பது என் மகன். "வாப்பா, புது எயார்பேக் ஒண்டு எடுக்கணும், துண்டுச் சீட்டு எழுதுங்க" என்றான். பேனையை எடுத்தவன், ஒரு மணி நேரமாக உங்களுக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் என்னைவிட நாலு வயது மூத்தவர். ஆனாலும் முதல் நாளிலிருந்தே என்னை, எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல, 'நானா' என்றுதான் கூப்பிட்டீர்கள். முஸ்லிம் என்றால் பிறக்கும்போதே நானாவாகத்தான் பிறப்பான் என்று யாழ்ப்பாணத்தில் யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். கெலிஓயாவில் ஜப்பான் வாகனச் சாமான் கடை போட்டபோது, இறக்குமதிக் கடதாசி பார்க்க எனக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. நீங்கள் வந்தீர்கள். எண்பத்து மூன்று கலவரத்தில், கண்டியில் நீங்கள் வேலை பார்த்த கடையும் அதன் மேல்மாடியில் இருந்த உங்கள் அறையும் எரிந்துபோயிருந்தன. பிறப்புச் சான்றிதழ்கூட மிஞ்சவில்லை. நீங்கள் இன்னார் என்று நிரூபிக்க இரண்டு வருடம் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியதாகச் சொன்னீர்கள்.

அதனாலோ என்னவோ, கடதாசி விஷயத்தில் உங்களோடு பகிடி விடவே முடியாது. அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, கடைக் கடிதம் மூன்றும் ஒரு பொலித்தீன் உறைக்குள், சட்டைப் பையில், நெஞ்சோடு இருக்கும். "உங்களுக்குக் காய்ச்சல் வந்தா டொக்டர் அந்த உறையத்தான் தொட்டுப் பாக்கணும்" என்பேன். சிரிப்பீர்கள். சிரிக்கும்போதே கை தன்பாட்டில் பையைத் தடவிப் பார்த்துக்கொள்ளும்.

முதன்முதலாக எயார்பேக் வந்து இறங்கியபோது அதன் கடதாசிகளோடு இரண்டு நாள் இருந்தீர்கள். மடித்த பைக்குப் பின்னால் ஓர் இரும்புக் குப்பி, அதற்குள் வெடிமருந்து. மோதும்போது அது வெடித்துத்தான் பை ஊதுகிறது என்று எனக்கு விளங்கப்படுத்தினீர்கள். குப்பியின் லேபலைக் காட்டி அதிசயப்பட்டது நினைவிருக்கிறது.

"இது ஜப்பானில செய்ததில்லை நானா. கார் செய்யிற நாடே இதை வெளியில இருந்து எடுப்பிக்குது. அவங்கட துறைமுகத்திலயும் வெடிமருந்து எண்டு எழுதித்தான் இறக்கிறாங்கள். ஒளிக்கேல்ல."

"அங்க பாலத்தில ஆமி நிக்கிறல்லயே" என்றேன். நீங்கள் லேபலின் இலக்கத்தைக் கடதாசியில் சரிபார்த்தீர்கள்.

எங்கள் பாலத்தில் இராணுவம் நின்றது. கண்டியில் குண்டு வெடித்த பிறகு, பேராதனையில் மணல் மூட்டை அடுக்கி, பஸ்ஸில் வருகிற எல்லாரையும் இறக்கினார்கள். என் அட்டையைப் பார்த்ததும் போகச் சொல்வார்கள். உங்கள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் பிடித்துக்கொண்டு போன தமிழ் ஆட்களின் கதை கடைக்கு வாராவாரம் வரும். நான் மரத்தடியில் காத்திருப்பேன். நீங்கள் வந்து சேர்ந்ததும் இருவரும் வேறு ஏதாவது பேசிக்கொண்டு நடப்போம்.

அன்று வெள்ளிக்கிழமை. கண்டி கராஜ் ஒன்றுக்கு இரண்டு எயார்பேக் அவசரமாகத் தேவைப்பட்டது. வழக்கமாக நான்தான் கொண்டுபோவேன். ஜும்ஆத் தொழுகை நேரம் நெருங்கிவிட்டதால், "நான் குடுத்திட்டு வாறன், நீங்க பள்ளிக்குப் போங்கோ" என்றீர்கள். துண்டையும் எழுதினீர்கள். ஆங்கிலத்தில், குண்டு குண்டான எழுத்தில்: எயார்பேக் இரண்டு, வெடிமருந்துக் குப்பியுடன். வாசித்துவிட்டு உங்களைப் பிடித்து நிறுத்தினேன்.

"பைத்தியமா உங்களுக்கு? தமிழ் ஆள், கையில பெட்டி, கடதாசியில வெடிமருந்து. பாலத்தத் தாண்டுவீங்களா?"

"பெட்டியில அடையாளம் அடிச்சுக் கிடக்கு நானா. கடதாசி ஒண்டும் பெட்டி ஒண்டும் சொல்லக் கூடாது."

"பெட்டிய மாத்துவோம்."

"குப்பியிலயும் அடிச்சிருக்கு."

"குப்பி வரைக்கும் அவன் பாக்க மாட்டான். தாங்க, நான் எழுதுறன்."

பெட்டியை மாற்றினேன். உங்கள் துண்டை இரண்டாகக் கிழித்து என் சட்டைப் பையில் திணித்தேன். புதுத் துண்டில் சிங்களத்தில் எழுதினேன்: ஸ்டியரிங் கவர் இரண்டு. நீங்கள் சிங்களம் பேசுவீர்கள், எழுத வராது. அந்தத் துண்டை வாங்கினீர்கள். "சரி நானா" என்றீர்கள். ஆனால் அதைப் பொலித்தீன் உறைக்குள் வைக்கவில்லை. காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டீர்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தொழுகை முடிந்து வந்தபோது பஸ் கொண்டக்டர் ஒருவர் கடை வாசலில் நின்றார். பாலத்தில் பெட்டியைப் பிரித்து, குப்பியில் அடித்திருந்ததைக் கண்டு, உங்களைப் பொலிசுக்குக் கொண்டுபோய்விட்டதாகச் சொன்னார். அலுமாரியில் இருந்த இறக்குமதிக் கடதாசிகளை அள்ளிக்கொண்டு ஓடினேன். எல்லாம் முறைப்படி எடுத்த சாமான் என்று காட்டினால் விட்டுவிடுவார்கள் என்றுதான் நம்பினேன். அதிகாரி என் கடதாசியையும் அந்தத் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் வெடிமருந்து. மற்றதில் கவர். தெரிந்துகொண்டே மறைத்திருக்கிறீர்கள் என்பதற்கு நானே சாட்சியைக் கொண்டுவந்து கொடுத்திருந்தேன்.

"மேக்க கவுத லிவ்வே?" என்றார். இதை யார் எழுதியது? பிறகு அவரே மூலையைக் காட்டி, தானே எழுதியதாக அவன் சொல்கிறான், அப்படித்தானா என்று என்னிடம் கேட்டார்.

மூலையில் ஒரு நீட்டு வாங்கில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. பொலித்தீன் உறை மேசைக்குப் போயிருந்தது. "நானா, நீங்க கடையைப் பாருங்கோ" என்றீர்கள்.

உங்கள் துண்டு அப்போதும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. கிழிந்திருந்தாலும் சேர்த்து வைத்தால் ஒரு சொல் விடாமல் வாசிக்கலாம். நீங்கள் எதையும் ஒளிக்க நினைக்கவில்லை என்று அது சொல்லியிருக்கும். அதை வெளியே எடுத்தால் மற்றதை எழுதியவன் நான் என்பதும் தெரிந்துவிடும். என் மூன்று பிள்ளைகளும், கடையும், அந்த வாங்கும் ஒரேயடியாகக் கண்ணில் வந்தன. ஆமென்று தலையாட்டினேன். பயந்துவிட்டேன். இதற்கு வேறு பெயர் வைக்க இத்தனை வருடம் முயன்றும் முடியவில்லை.

உங்களை ஒன்றரை வருடம் உள்ளே வைத்திருந்தார்கள். வழக்கென்று ஒன்று போடவே இல்லை. நான் லோயர் பிடித்தேன், மாதாமாதம் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுவந்தேன், அந்தத் துண்டைப் பற்றி மட்டும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வெளியே வந்த அன்று நேரே கடைக்கு வந்து உங்கள் கதிரையில் இருந்தீர்கள். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்க முடிந்தது. "துண்டுப் புத்தகம் முடிஞ்சுதே, புதுசு அடிக்கேல்லையோ?" என்று கேட்டீர்கள். வேறொன்றும் கேட்கவில்லை. ஒரு கிழமையில் திருகோணமலைக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

போன மாதம் நீங்கள் போய்விட்ட செய்தி, சாம்பல் கரைத்த பிறகுதான் எனக்குக் கிடைத்தது. தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். அழுதுகொண்டே சொன்னார்: "அண்ணா ஒருநாளும் கடதாசியில பொய் எழுதாதவர். அந்த ஒரு துண்டில மட்டும் ஏன் எழுதினவரோ? நாங்கள் கேட்டுக் கேட்டுச் சண்டை பிடிச்சனாங்கள். 'நான்தான் எழுதினனான், விடு' எண்டு கடைசி வரைக்கும் அதையேதான் சொன்னவர்."

உங்கள் வீட்டிலும்கூடவா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை?

நான் "ம்" என்றேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாருமில்லாத கடையில், மறுபடியும் தலையாட்டினேன்.

மகனுக்குத் துண்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். எயார்பேக் ஒன்று, வெடிமருந்துக் குப்பியுடன். "இவ்வளவு விபரம் என்னத்துக்கு வாப்பா, இப்ப யாரு பாக்கிற?" என்றான். பிறகு, இத்தனை வருடம் ஒளித்து வைத்திருந்த உங்கள் துண்டின் இரண்டு பாதியையும் ஒட்டினேன். இன்னொரு தாளில், அன்று எழுதியதையே சிங்களத்தில் எழுதி, அன்று போடாத என் பெயரைக் கீழே போட்டேன். பொலிசில் இருக்கும் அந்தத் துண்டோடு எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கட்டும். இரண்டையும் உறைக்குள் வைத்துத் தங்கச்சியின் விலாசமும் எழுதியாயிற்று.

தபாற்கந்தோர் நாலரைக்கு மூடிவிடும். இப்போது நாலு மணி. உறை என் சட்டைப் பையில் இருக்கிறது. கை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது. நான் இன்னும் கதிரையை விட்டு எழும்பவில்லை.