பெருவிரல்களுக்கு ஒரு வாத்தியம்

அண்ணாச்சி,

இன்று காலை என் பழைய டிரான்சிஸ்டரில் அறுந்துபோன கம்பி ஒன்றைப் பற்றவைத்தேன். கண் சரியாகத் தெரியவில்லை, கையும் ஆடுகிறது. இருந்தாலும் கடையில் கொடுக்க மனம் வரவில்லை. ஈயம் உருகிப் புகை எழுந்ததும் அந்தக் குங்கிலிய வாசம் மூக்கில் ஏறியது. உடனே நீங்கள் என் மேசைக்கு எதிரே, நாற்காலியின் நுனியில், இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. கம்பியை அப்படியே விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் அடக்கத்தன்று என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். தலையை ஆட்டி மறுத்துவிட்டேன். கூட்டத்தில் பேச எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். எழுதவாவது வருமா என்பதும் சந்தேகமே. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் செய்முறை எழுதிக் கொடுத்தே காலம் போக்கியவனுக்கு, வரிசை போட்டால்தான் கை ஓடும். ஆகவே முதலில் வரிசை:

1. உங்கள் விரல்கள் மடங்கியதும், அந்த விளையாட்டுப் பெட்டி நம் கைக்கு வந்ததும்.
2. அதை வாத்தியமாக மாற்றிய விதம்.
3. கோயிலில் பாட்டுப் பழகிய அன்று நடந்ததும், அதன் பிறகு நடந்ததும்.
4. அந்தப் பெட்டியை நான் திறந்திருக்கவே கூடாது என்பதற்கான காரணங்கள்.

நான்காவதைச் சொல்லத்தான் மற்ற மூன்றும்.

தொண்ணூறுகளில் நாம் இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே பஸ் ஏறி ராஜபாளையத்தில் இறங்குகிறவர்கள். நீங்கள் நூற்பாலையில் ஸ்டோர் கீப்பர். நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுப்பவன். முன்சீட்டுக் கம்பியில் நீங்கள் விரல்களால் ஏதோ தட்டிக்கொண்டே வருவீர்கள். அது வெறும் தட்டல் இல்லை, ஆர்மோனியக் கட்டைகளின் நினைப்பு என்று பிறகுதான் தெரிந்தது. கோயிலில் வாசிப்பதாகச் சொன்னீர்கள். "எந்தக் கோயில்?" என்று நான் விவரம் இல்லாமல் கேட்டதற்கு, "எங்க கோயில்ல கோபுரத்து மேல மணிதான் சார் தொங்கும்" என்று சிரித்தீர்கள். சர்ச்சைத்தான் சொல்கிறீர்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

பிறகு ஒரு மழைக்காலத்தில் அந்தத் தட்டல் நின்றது. முடக்குவாதம். சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக மடங்கியது. டிக்கெட்டை வாங்கக்கூட உள்ளங்கையை நீட்டி, கண்டக்டர் வைக்கட்டும் என்று காத்திருப்பீர்கள். கோயிலில் ஆர்மோனியத்துக்கு ரூபி டீச்சர் வந்துவிட்டார். ஒருநாள் பஜாரில் என்னைப் பார்த்த உங்கள் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், கையில் காய்கறிப் பையோடு நின்றபடியே சொன்னார்:

"கடைசி பெஞ்சுல போயி உக்காந்துக்கிடுதாவ சார். பாட்டு ஆரம்பிச்சா செவத்தப் பாக்காவ, வாயத் தெறக்க மாட்டேங்காவ. வீட்டுல ஆர்மோனியத்த ஒரு துணியப் போட்டு மூடிட்டாவ. தூசி தட்டக்கூட என்னைய விட மாட்டேங்காவ. நீங்களாவது எதாவது சொல்லப்பிடாதா?"

பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன், அவ்வளவுதான்.

ஆடுகிற விரலையாவது ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால்தான் நீங்கள் அதை வாங்கினீர்கள். ராஜபாளையம் பஜாரில் காஜா பாயின் ரேடியோ கடை வாசலில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்த சீன வீடியோ கேம். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. மேலே சின்னத் திரை, அதில் செங்கல் செங்கலாக விழும். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பெருவிரல்களால் பித்தான்களை அழுத்தி அவற்றை அடுக்க வேண்டும். "உள்ள என்ன பாய் இருக்கு?" என்று நான் கேட்டேன். "உள்ள என்ன சார் இருக்கும், சீனாக்காரன் இருப்பான்" என்றார் அவர்.

நரைத்த மீசையோடு நீங்கள் பஸ்ஸில் அதை விளையாடுவதைக் கண்டக்டர் சும்மா விடவில்லை. "அண்ணாச்சிக்கு டிக்கெட்டு அரையா, முழுசா?"

"இதுக்கு அரை, எனக்கு முழுசு. போட்டுக் குடுங்க" என்றீர்கள், தலை நிமிராமல்.

அன்று இறங்கும்போது என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். "சார், இந்தப் பெருவிரல் ரெண்டும் மட்டும் இன்னும் எம்பேச்சக் கேக்குது. அழுத்துனா இதுல ஒரு சத்தம் வருதுல்லா? அதச் சுரமா ஆக்க முடியாதா? வாற கிறிஸ்துமஸுக்குள்ள ஒரே ஒரு கீர்த்தனை கோயில்ல வாசிச்சிட்டா எனக்குப் போதும்."

முடியும் என்று சொல்லவில்லை. பார்க்கலாம் என்றேன். பிரித்தால் கெட்டுப்போகுமே என்றும் சொன்னேன். "கெட்டா பாய் கடைல இன்னொண்ணு தொங்குது சார். எனக்கு விரல்தான் எங்கயும் தொங்கல." அதற்குமேல் நான் எப்படி மறுப்பது?

திருப்புளியால் திறந்து பார்த்தால் ஒரு பச்சைத் தகடு, அதன் நடுவில் தார் சொட்டியது போல் ஒரு கறுப்புப் பொட்டு. விளையாட்டு முழுவதும் அதற்குள் இருந்தது. அதைத் தொட வழியில்லை. முதலில், அதன் வேகத்தைத் தீர்மானிக்கும் ஒரு சிறு ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, திருகக்கூடிய ஒன்றை வைத்தேன். திருகினால் சத்தம் ஏறியது, இறங்கியது. ஆனால் எல்லாச் சத்தமும் சேர்ந்தே ஏறி இறங்கியது. செங்கல்களும் மழையாகக் கொட்டின. உங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆகவே கறுப்புப் பொட்டையே விட்டுவிட்டோம். பெட்டியும் பித்தான்களும் மட்டும் அவர்களுடையவை, மற்றதெல்லாம் நம்முடையவை என்று முடிவு செய்தேன். ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகள் பயன்படுத்தும் எட்டுக் கால் ஐ.சி. ஒன்று, அது சீராக மின்னை விட்டுவிட்டுத் தரும், அந்தத் துடிப்பை ஸ்பீக்கரில் கொடுத்தால் சத்தம். எவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும் என்பதைப் பித்தானுக்கு ஒன்றாக வைத்த சிறு திருகுகள் தீர்மானிக்கும். எட்டுப் பித்தான்கள், ச முதல் மேல் ச வரை. பேட்டரிக்கு உள்ளே இடம் போதவில்லை. சதுர பேட்டரியை முதுகில் வைத்து ரப்பர் பேண்டால் கட்டினோம்.

பித்தானுக்கு அடியில் இருந்த ரப்பர், மெதுவாக அழுத்தினால் ஒரு மாதிரியும் பலமாக அழுத்தினால் ஒரு மாதிரியும் தொடும். அதனால் சுரம் லேசாக நடுங்கியது. குறை என்று எடுத்து, செம்புத் தகடு வைக்கப் போனேன். தடுத்துவிட்டீர்கள். "அத விட்டுருங்க சார். இதுல மனுசக் குரல் மாதிரி இருக்கது அது ஒண்ணுதான்."

சுதி சேர்க்க உங்கள் வீட்டு ஆர்மோனியத்தை எடுத்து வரலாமா என்று கேட்டேன். உங்கள் முகம் மாறியது. "அதத் தெறக்க வேண்டாம். உங்க காலேஜுக் கவையே போதும்." ஆய்வுக்கூடத்து இசைக்கவைகளைத்தான் சொன்னீர்கள். இரும்பில் எண் பொறித்த கவைகள். தட்டினால் அந்த எண்ணுக்கு உரிய சுரம் பிசகாமல் வரும். அவற்றில் 256 என்று பொறித்ததை எடுத்து ரப்பரில் தட்டி, காம்பை மேசையில் ஊன்றி, அதற்கு நம் ச-வைச் சேர்த்தேன். மற்றவற்றையும் அப்படியே. நீங்கள் தலையசைக்கும்வரை ஒன்றை விட்டு அடுத்ததற்குப் போகவில்லை. கடைசியில் ஒரு கீர்த்தனையின் முதலடியை வாசித்தீர்கள். என் மேசைமேல் அது குறையில்லாமல் ஒலித்தது. உண்மையாகவே குறையில்லை, அண்ணாச்சி. தனியாக இருந்தவரை குறையில்லை.

இப்போது மூன்றாவது. டிசம்பர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பாட்டுப் பழக்கத்துக்கு என்னையும் அழைத்துப் போனீர்கள். கதவோரமாக நின்றேன். நீங்கள் சலவைச் சட்டை போட்டிருந்தீர்கள். கடைசி பெஞ்சைத் தாண்டி, நேராக முன்னால் போய் நின்றீர்கள். ரூபி டீச்சர் ஆர்மோனியத்தில் எடுத்துக் கொடுத்தார், நீங்கள் சேர்ந்தீர்கள்.

இரண்டு சுரங்களும் ஒன்றின்மேல் ஒன்று உரசின. வ்வா வ்வா வ்வா என்று சுவரில் மோதித் திரும்பியது. உங்கள் பெருவிரல்கள் நின்றன, மறுபடி தொடங்கின, மறுபடியும் அதே உரசல். பாடகர் வரிசையில் ஒருவன், "ஏலே, கொசு கீர்த்தனை படிக்குதுல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ரூபி டீச்சர் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, செத்த நில்லுங்க, கட்டைய மாத்திப் பாக்கேன்" என்று ஒரு கட்டை கீழே போனார், ஒரு கட்டை மேலே போனார். எதிலும் சேரவில்லை. நம் சுதி இரண்டு கட்டைகளுக்கும் நடுவில் நின்றது.

"விடும்மா" என்று சொல்லி அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். பேட்டரி வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

கணக்குப் போட்டுப் பார்த்தபோது விளங்கியது. இயற்பியல்காரர்கள் இரட்டித்து இரட்டித்து முழு எண்ணாக வரட்டும் என்று 256-ஐ வைத்துக்கொண்டார்கள். வாத்தியம் செய்கிறவர்களின் அதே சுரம் 261-ஐத் தாண்டி நிற்கிறது. இவ்வளவு காலம் அந்தக் கவைகளைத் தட்டியவனுக்கு, உலகத்தில் எந்த ஆர்மோனியமும் அந்த எண்ணில் செய்யப்படுவதில்லை என்பது ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை பஸ்ஸில் சொன்னேன். திருகுகளைக் கொஞ்சம் திருப்பினால் போதும், ஆனால் பக்கத்தில் ஆர்மோனியம் ஒலிக்க வேண்டும் என்றேன். நீங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். ராஜபாளையத்தில் இறங்கிய பிறகு, திரும்பாமலே சொன்னீர்கள்: "சாயங்காலம் வீட்டுக்கு வாங்க."

மதினிதான் துணியை எடுத்தார். ஒரு கட்டை ஒட்டிக்கொண்டிருந்தது, தட்டி விடுவித்தோம். அவர் துருத்தி போட, நீங்கள் மடங்கிய விரலின் முட்டியால் கட்டையை அழுத்திப் பிடித்தீர்கள், மறுகைப் பெருவிரலால் பெட்டியின் பித்தானை. நான் திருகினேன். அந்த உரசல் வேகமாக அடித்தது, பிறகு தணிந்தது, பிறகு மூச்சு வாங்குவது போல் நீண்டு நீண்டு, நின்றது. இரண்டும் ஒன்றாகிவிட்டன. உங்கள் கண் மூடியிருந்தது.

எட்டும் முடிந்து நான் திருப்புளியை வைத்த பிறகும் நீங்கள் கையை எடுக்கவில்லை. "இன்னொரு தடவ போடு, எஸ்தர்."

"இன்னுமா? எனக்குக் கை கடுக்கு."

"கடுக்கட்டும். எனக்கு இம்புட்டு நாளும் கடுத்துச்சுல்லா."

"ஆமா, பெரிய வித்துவான்" என்றார் மதினி. துருத்தியை மட்டும் நிறுத்தவில்லை. நான் சொல்லிக்கொள்ளாமலே வெளியே வந்தேன்.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், நீட்டத் தைரியமில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் ரூபி டீச்சர் உங்களிடம் வந்தார். "நான் எம்புட்டோ சொல்லிப் பாத்தேன் அண்ணாச்சி. வெளையாட்டுச் சாமான் ஆராதனைல வேண்டாம்னு கமிட்டில சொல்லிட்டாவ." "சரிம்மா, சனம் சிரிச்சா பாட்டுக் கெட்டுரும்" என்று சொல்லி அனுப்பினீர்களாம். கொஞ்ச நாளில் கை முடியாமல் வேலையையும் விட்டீர்கள். பஸ்ஸில் உங்கள் இடம் காலியானது. பஜாரில் எதிர்ப்பட்டால் சுகம் விசாரித்துக்கொண்டோம். அந்தப் பெட்டியைப் பற்றி நீங்கள் எடுக்கவில்லை, கேட்க எனக்கு வாய் வரவில்லை. உங்கள் வீட்டுப் படி ஏறவும் கூசினேன்.

ஆக, நான்காவது. காரணங்கள் இவை. பத்துப் பேர் முன்னால் உங்களைச் சிரிப்புக்கு ஆளாக்கினேன். கோயிலில் ஒரு கீர்த்தனை என்ற ஆசையை வளர்த்துவிட்டேன், அது கடைசிவரை நடக்கவில்லை. இரண்டுக்கும் மூலம், ஒப்பிட்டுப் பார்க்காமல் ஓர் எண்ணை நம்பினேன். முதல் தடவையே சரியான எண்ணை வைத்திருந்தால்...

இந்த வரியை எழுதிவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்துப் பார்த்தேன், அண்ணாச்சி. சரியான எண்ணை வைத்திருந்தால் அந்த ஆர்மோனியத்தைத் திறந்திருக்க மாட்டோம். அதன் அவசியமே வந்திராது. கமிட்டி எப்படியும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கும். துணி மூடியபடியே இருந்திருக்கும்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபோது மதினி சொன்னதை இப்போதுதான் சரியாகக் கேட்கிறேன். "அன்னைலேருந்து ஆர்மோனியத்த மூடவே இல்ல சார். வீட்டு ஜெபத்துக்கு நான் துருத்தியப் போட்டு ஒரு கட்டையப் புடிச்சுக்குவேன், அவிய பெருவிரலால வாசிப்பாவ. சதுர பேட்டரி இங்கன கெடைக்காம ராஜபாளையம் வரைக்கும் போயி வாங்கிட்டு வந்திருக்கேன்." ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆறுதலுக்குச் சொல்கிறவர் பேட்டரிக்கு அலைந்ததைச் சொல்வாரா?

இப்போதும் எங்காவது இரண்டு சுரங்கள் உரசினால், அவை தணிந்து ஒன்றாகுமா என்று காது தானாகக் காத்திருக்கிறது. அது நான் கவைகளிடம் கற்றது இல்லை. உங்கள் வீட்டில், நீங்கள் கண்மூடியிருந்த அந்தச் சாயங்காலத்திலிருந்து வந்தது.

நான்காவதாக நான் எழுதியது தவறு, அண்ணாச்சி.